கலிபோர்னியாவில் பழைய கேம்பர் வேன்: ஸ்மாக், டீசல், வெளிமாநில வண்டி – எதைப் பார்த்து வாங்குவது?

குமரன்_ஃப்ரீமாண்ட்

எல்லோருக்கும் வணக்கம். பழைய கேம்பர் வேன் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். மூன்று வண்டிகள் பட்டியலில் இருக்கின்றன.

ஒன்று, நெவாடா மாநிலம் ரெனோவில் ஒரு டீலரிடம் உள்ள 2015 மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் 2500. நான்கு சிலிண்டர் டீசல், 98,000 மைல் ஓடியது. இரண்டு, சாக்ரமெண்டோவில் தனியாரிடம் உள்ள 2017 ராம் புரோமாஸ்டர். 3.6 லிட்டர் பெட்ரோல், சரக்கு வேனாக வாங்கி அவரே கேம்பராக மாற்றியது. மூன்று, 1978 ஃபோக்ஸ்வேகன் வெஸ்ட்ஃபாலியா. பார்க்க அழகாக இருக்கிறது, கார்புரேட்டர் புதிதாகப் போட்டதாகச் சொல்கிறார்கள்.

சாக்ரமெண்டோக்காரர், "ஸ்மாக் (புகைச் சோதனைச் சான்று) நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், 500 டாலர் குறைத்துக்கொள்கிறேன்" என்கிறார். சம்மதிக்கலாமா? நெவாடா வண்டியை இங்கே பதிவு செய்ய விடுவார்களா? பணம் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

புகைச்சான்று

500 டாலருக்குச் சம்மதிக்காதீர்கள். கலிபோர்னியாவில் வண்டி கை மாறும்போது செல்லுபடியாகும் ஸ்மாக் சான்றைக் கொடுப்பது விற்பவரின் கடமை. வாகனச் சட்டம் பிரிவு 24007 அப்படித்தான் சொல்கிறது. "உள்ளது உள்ளபடி" என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் அந்தக் கடமை உங்கள் தலைக்கு மாறாது. ஆனால் பணம் கொடுத்த பிறகு அதை நிலைநாட்ட நீங்கள் சிறு வழக்கு மன்றம் வரை அலைய வேண்டும். ஆகவே சான்று வந்த பிறகுதான் பணம்.

சான்று 90 நாள் செல்லும். இரண்டாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் வழக்கமான சான்று 90 நாளுக்குள் எடுத்ததாக இருந்தால் அதுவே கை மாற்றத்துக்கும் போதும்.

பலர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பெட்ரோல் வண்டிக்கு முதல் எட்டு மாடல் ஆண்டுகளுக்கு ஸ்மாக் வேண்டாம் என்பது பதிவைப் புதுப்பிப்பதற்கு மட்டும்தான். கை மாறும்போது அந்தச் சலுகை நான்கு மாடல் ஆண்டுகளோடு நின்றுவிடும். "எட்டு வருஷம் விலக்கு இருக்கிறது" என்று ஆறு வருட வண்டியை விற்க வருபவர் ஒன்று தெரியாமல் சொல்கிறார், இல்லை தெரிந்தே சொல்கிறார். டீசலுக்கு இந்த இரண்டு சலுகையுமே கிடையாது. 1998-ம் அதற்குப் பிந்தைய டீசல், மொத்த எடை வரம்பு 14,000 பவுண்டு வரை என்றால், எவ்வளவு புதிதானாலும் ஸ்மாக் உண்டு. டீசல் ஸ்பிரின்டர் எல்லாமே இந்த வலைக்குள் வரும்.

கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளை, உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி பேரப்பிள்ளை இவர்களுக்குள் மாறினால் கை மாற்ற ஸ்மாக் தேவையில்லை. வழக்கமான ஈராண்டுச் சோதனைக்குத் தேதி வந்திருந்தால் அது மட்டும் எடுக்க வேண்டும்.

ஓபிடி_மீனா

குமரன், நீங்கள் வண்டியைப் பார்க்கப் போகும்போது கையில் ஒரு ஓபிடி ரீடர் (வண்டியின் கணினியைப் படிக்கும் சிறு கருவி) இருக்கட்டும். இஎல்எம்327 வகை, போனில் ஓர் ஆப் போதும். 2000 முதல் வந்த பெட்ரோல் வண்டிக்கும் 1998 முதல் வந்த டீசலுக்கும் இப்போது புகைக்குழாயில் கருவி வைத்து அளப்பதில்லை. வண்டியின் கணினியைக் கேட்கிறார்கள். அதே கேள்விகளை நீங்களும் முன்கூட்டியே கேட்கலாம்.

முதலில் "ரெடினஸ்" பக்கம். கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர்), ஆக்சிஜன் சென்சார், இவாப் (பெட்ரோல் ஆவி வெளியேறாமல் தடுக்கும் அமைப்பு), இஜிஆர் (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்புவது) என்று ஒவ்வொன்றும் தன்னைத்தானே சோதித்து முடித்துவிட்டதா என்று காட்டும். 2000 முதல் வந்த பெட்ரோல் வண்டியில் இவாப் ஒன்று மட்டும் முடியாமல் இருக்கலாம். 1996 முதல் 1999 வரை ஏதேனும் ஒன்று. டீசலில் 1998–2006 என்றால் ஒன்றுகூட முடியாமல் இருக்கக் கூடாது, 2007 முதல் இரண்டு வரை விடுவார்கள்.

அடுத்ததுதான் முக்கியம். கணினி ஒரு பழுதைப் பதிந்து வைக்கும் எண்தான் கோட். "கோட் அழித்ததிலிருந்து ஓடிய தூரம்", "கோட் அழித்ததிலிருந்து எத்தனை முறை சூடேறியது" என்று இரண்டு எண்கள் நேரடித் தரவுப் பட்டியலில் கிடைக்கும் (பிஐடி 31, பிஐடி 30). விற்பவர் காலையில்தான் செக் இன்ஜின் விளக்கை அழித்தார் என்றால் 12 மைல், 1 முறை என்று நிற்கும். எந்தச் சமாதானமும் இந்த எண்ணை மாற்றாது.

மூன்றாவது, நிரந்தரக் கோட். 2010 முதல் வந்த வண்டிகளில் இது இருந்தால் 2019 ஜூலை முதல் ஸ்மாக் ஃபெயில். ரீடரால் அழிக்க முடியாது, பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. பழுது சரியாகி, கணினியே அந்தச் சோதனையை ஓட்டி "சரி" என்றால்தான் நீங்கும். விதிவிலக்கு ஒன்று உண்டு: நினைவகம் அழிந்த பிறகு 15 முறை சூடேறி, 200 மைலும் ஓடியிருந்தால் நிரந்தரக் கோடைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

கேம்பர் வேனுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். இவை மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகள். ஸ்டார்ட்டர் பேட்டரி செத்துப்போய் மாற்றினாலோ, உள்ளே விளக்கு போன்றவற்றுக்கு வைக்கும் "வீட்டு" பேட்டரியோடு சேர்த்துப் போட்ட கட்-ஆஃப் சுவிட்ச் இன்ஜின் கணினிக்கும் மின்சாரத்தைத் துண்டித்தாலோ பல வண்டிகளில் ரெடினஸ் எல்லாம் பூஜ்யத்துக்குப் போய்விடும். அப்போது நல்ல வண்டியும் ஸ்மாக்கில் நிற்காது. இதை வைத்து விற்பவரைத் திருடன் என்று முடிவு கட்ட வேண்டாம். அவரே ஓட்டி ரெடினஸை நிரப்பட்டும். எட்டு மணி நேரம் குளிர்ந்த இன்ஜினை எடுத்து, இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு, ஊருக்குள் கொஞ்சம் ஓட்டி, நெடுஞ்சாலையில் 55–60 மைல் வேகத்தில் கால் மணி நேரம் சீராகப் போய், பிரேக் மிதிக்காமல் வேகத்தைக் குறைய விட வேண்டும். தொட்டியில் எரிபொருள் கால் பங்குக்கும் முக்கால் பங்குக்கும் இடையில் இருக்க வேண்டும். நிரம்ப ஊற்றினால் இவாப் சோதனை தொடங்கவே தொடங்காது. மாடலுக்கு மாடல் சின்ன வித்தியாசம் உண்டு.

சேலம்_டீசல்

ஸ்பிரின்டர் பற்றி நான் சொல்றேங்க. 2015-ல ரெண்டு இன்ஜின் வந்துச்சு: 2.1 லிட்டர் நாலு சிலிண்டர் ஓஎம்651, 3.0 லிட்டர் வி6 ஓஎம்642. நீங்க பார்க்கிறது முதலாவது. ரெண்டுலயும் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) உண்டு, யூரியா கரைசல் ஊத்துற எஸ்சிஆர் (நைட்ரஜன் ஆக்சைடை, அதாவது நாக்ஸைக் குறைக்கிறது) உண்டு.

செலவு வைக்கிற இடம் எல்லாம் அந்த எஸ்சிஆர் பக்கந்தான். நாக்ஸ் சென்சார் போகும், யூரியா தொட்டிக்குள்ள இருக்கிற ஹீட்டர் போகும். போனா டேஷ்போர்டுல "இன்னும் இத்தனை தடவைதான் ஸ்டார்ட் ஆகும்"னு எண்ணிக்கை இறங்க ஆரம்பிக்கும், பூஜ்யம் வந்தா வண்டி கிளம்பாது. பாலைவனத்துல கேம்ப் போட்ட இடத்துல இது வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால நாக்ஸ் சென்சார் மாத்தின பில், யூரியா ஹீட்டர் மாத்தின பில் இருக்கிற வண்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்ங்க. பில்லே இல்லாத 98,000 மைல் வண்டிக்கு அந்தச் செலவு இனிமேதான் வரப்போகுதுன்னு வெச்சுக்கோங்க.

டிபிஎஃப் உள்ள இருக்கான்னு பார்க்க எளிய வழி: புகைக்குழாய் வாய்க்குள்ள வெள்ளைத் துணி விட்டுத் துடைங்க. டிபிஎஃப் நல்லா இருந்தா துணி கிட்டத்தட்ட சுத்தமா வரும். கரி அப்பிக்கிட்டு வந்தா ஒண்ணு ஃபில்டர் உடைஞ்சிருக்கு, இல்ல வெட்டி எடுத்திருக்காங்க. வெளிமாநிலத்துல டிபிஎஃப், இஜிஆர் ரெண்டையும் எடுத்துட்டு சாஃப்ட்வேரை மாத்தி விக்கிறது நடக்குது. அது மத்திய சட்டப்படியும் குத்தம். இங்க வந்தா கண்ணால பார்க்கிற சோதனையில மாட்டும். அதுல தப்பிச்சாலும் 2021 ஜூலையில இருந்து ஸ்மாக் கருவி இன்ஜின் சாஃப்ட்வேர் கம்பெனி கொடுத்ததுதானான்னு சரிபார்க்குது. திரும்ப எல்லாத்தையும் மாட்டணும்னா வண்டி விலையில நல்ல ஒரு பங்கு போயிடும்.

இன்னொண்ணு. 2020-ல மெர்சிடிஸோட தாய்க் கம்பெனி டைம்லர் மத்திய அரசோடயும் கலிபோர்னியாவோடயும் புகை வழக்குல உடன்பாடு போட்டாங்க. 2010–2016 ஸ்பிரின்டர் டீசல் அதுல வருது. சாஃப்ட்வேர் மாத்தி, சில பாகமும் மாத்தித் தர்றாங்க, அதுக்கு நீட்டிச்ச உத்தரவாதமும் உண்டு. உங்க வண்டிக்கு அது செஞ்சாச்சா, உத்தரவாதம் எது வரைக்கும்னு வின் எண்ணைக் (வண்டியோட அடையாள எண்) கொடுத்து மெர்சிடிஸ் சர்வீஸ்ல கேளுங்க. என் கணக்குல இது செஞ்ச வண்டி, செய்யாத வண்டி ரெண்டும் ஒரே விலை இல்லை.

நெடுஞ்சாலை101

இவ்வளவு பயப்படத் தேவையில்லை. ரெனோவிலும் ஸ்மாக் இருக்கிறது, அந்தச் சான்றோடு வாங்கி வந்து பதிவு செய்தால் முடிந்தது. இல்லையென்றால் மொன்டானாவில் ஒரு எல்எல்சி (சிறு நிறுவனம்) தொடங்கி அதன் பெயரில் பதிவு செய்கிறார்கள். வரியும் இல்லை, ஸ்மாக்கும் இல்லை.

புகைச்சான்று

இரண்டும் தவறு. ரெனோ இருக்கும் வாஷோ கவுன்ட்டியில் புகைச் சோதனை உண்டு என்பது உண்மை. ஆனால் அந்தச் சான்று இங்கே செல்லாது. கலிபோர்னியா நிலையத்தில் எடுத்த சான்றுதான் வேண்டும்.

மொன்டானா எல்எல்சி வழி, கலிபோர்னியாவில் குடியிருந்து கலிபோர்னியாவில் வண்டி வைத்திருப்பவருக்கு வரி ஏய்ப்பு. பயன்பாட்டு வரி, அபராதம், வட்டி மூன்றும் வரும். வெளிமாநிலத்தில் வாங்கி 12 மாதத்துக்குள் இங்கே கொண்டுவந்தால் இங்கே பயன்படுத்தவே வாங்கியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். வேறு மாநிலத்தில் வரி கட்டிய ரசீது இருந்தால் கழித்துக்கொள்ளலாம்.

குமரனுக்கு இன்னும் முக்கியமானது 7,500 மைல் விதி. கலிபோர்னியாவில் குடியிருப்பவர் வாங்கும்போது ஓடோமீட்டரில் 7,500 மைலுக்குக் குறைவாக இருந்தால், அது எத்தனை கை மாறியிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் "புது வண்டி". புது வண்டி கலிபோர்னியா சான்று பெற்ற மாடலாக இருந்தால்தான் பதிவாகும். மத்திய அரசுத் தரத்துக்கு மட்டும் கட்டிய வண்டி, அதாவது இங்கே "49 மாநில வண்டி" என்பார்களே அது, பதிவாகாது. கணக்கில் வருவது வாங்கிய நாள் ஓடோமீட்டர். வாங்கிய பிறகு சுற்றிச் சுற்றி ஓட்டி 7,500 ஆக்கினாலும் பயனில்லை. உங்கள் 98,000 மைல் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, 49 மாநில வண்டியாக இருந்தாலும் ஸ்மாக்கில் தேறினால் பதிவாகும். கேம்பர் சந்தையில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம், ஓய்வு பெற்றவர்கள் ஆசையாக வாங்கி 5,000 மைல்கூட ஓட்டாமல் விற்கும் வண்டிகள் இங்கே நிறைய.

பானட்டைத் திறந்தால் உமிழ்வுக் கட்டுப்பாட்டு லேபிள் ஒட்டியிருக்கும். கலிபோர்னியா விதிகளுக்கும் பொருந்தும் என்று அதில் இருக்கிறதா, மத்திய அரசு விதி மட்டுமா என்று படித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளே இல்லை என்றால் வின் எண் கொடுத்து டீலரிடம் மாற்று லேபிள் வாங்கச் சொல்லுங்கள்.

கொம்பி_வாசன்

வெஸ்ட்ஃபாலியா பக்கம் யாரும் வரவில்லையே, நான் சொல்கிறேன். 1978 என்றால் ஸ்மாக் கட்டாயம். 1975-ம் அதற்கு முந்தைய பெட்ரோல் வண்டிகளும்தான் நிரந்தர விலக்கு. அதனால்தான் 1975 வண்டிக்கும் 1976 வண்டிக்கும் இங்கே விலை வித்தியாசம். "1975-ல் செய்தது" என்பதும் "1975 மாடல்" என்பதும் ஒன்றல்ல. அந்தக் காலத்துப் பத்து இலக்க சேசிஸ் எண்ணில் மூன்றாவது இலக்கம் மாடல் ஆண்டு. 235 என்று தொடங்கினால் 1975, 236 என்றால் 1976. டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) உள்ள ஆண்டும் அதுவும் ஒத்துப்போக வேண்டும்.

"கார்புரேட்டர் புதிதாகப் போட்டது" என்கிறார்களே, அங்கேயே நில்லுங்கள். 1978 வண்டி அமெரிக்காவுக்கு எரிபொருள் இன்ஜெக்‌ஷனோடு வந்தது. அதைக் கழற்றிவிட்டு இரட்டை கார்புரேட்டர் மாட்டினால் புகை எவ்வளவு சுத்தமாக வந்தாலும் கண்ணால் பார்க்கும் சோதனையில் ஃபெயில். திரும்ப இன்ஜெக்‌ஷன் மாட்ட ஏர்ஃப்ளோ மீட்டர், இன்ஜெக்டர், கன்ட்ரோல் பெட்டி, வயரிங் எல்லாம் பழைய சாமானாகத் தேட வேண்டும். இஜிஆர் வால்வு, பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டி, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், மூடியில் கசிவு இவற்றையும் பார்ப்பார்கள். பெருநகர்ப் பகுதிகளில் உருளை மேல் ஏற்றி 15 மைல், 25 மைல் வேகத்தில் புகையை அளப்பார்கள். விற்பவர் இன்ஜெக்‌ஷன் சாமானை ஒரு பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தால் பேசலாம். தூக்கிப் போட்டுவிட்டார் என்றால் விட்டுவிடுங்கள்.

வேனகனில் (இதற்கு அடுத்து வந்த ஃபோக்ஸ்வேகன் வேன்) சுபாரு இன்ஜின் போட்டது கிடைத்தால் அது வேறு கணக்கு. இன்ஜின், வண்டியின் ஆண்டோ அதற்குப் பிந்தையதோவாக இருக்க வேண்டும். அந்த இன்ஜினோடு வந்த உமிழ்வுக் கருவிகள் எல்லாமும் வர வேண்டும். ஸ்மாக் ரெஃப்ரி (சிக்கலான வண்டிகளைப் பார்க்கும் அரசு சார்பு சோதகர்) பார்த்து ஒட்டிய லேபிள் இருந்தால் அதன் பிறகு சாதாரண நிலையத்திலேயே சோதிக்கலாம். லேபிள் இல்லாத மாற்று இன்ஜின் வண்டி, எவ்வளவு நன்றாக ஓடினாலும், கலிபோர்னியாவில் பாதி வேலை முடிந்த வண்டிதான்.

சேலம்_டீசல்

கன்வெர்ட்டர் பத்தி ஒரு வார்த்தை. திருட்டுப் போய் மாத்தின வண்டி நிறைய சுத்துது. கம்பெனி சாமானா இல்லாம வெளிச் சாமான் போட்டிருந்தா அதோட உலோகக் கூட்டு மேலயே இஓ எண் (கலிபோர்னியா அனுமதி எண்) அடிச்சிருக்கணும், "டி" எழுத்துல தொடங்கும். அந்த எண் இந்த மாடலுக்கும் இந்த இன்ஜினுக்கும் அனுமதிச்சதான்னு கார்ப் (கலிபோர்னியா காற்று வள வாரியம்) இணையதளத்துல தேடிப் பாருங்க. வெளிமாநிலத்துல கிடைக்கிற மலிவு கன்வெர்ட்டர்ல அந்த எண் இருக்காது, இங்க ஃபெயில். கலிபோர்னியா வகை அதைவிடப் பல மடங்கு விலை.

குமரன்_ஃப்ரீமாண்ட்

மிகவும் நன்றி. வெஸ்ட்ஃபாலியாக்காரரைக் கேட்டேன், இன்ஜெக்‌ஷன் சாமான் இல்லை. அதை விட்டுவிட்டேன். புரோமாஸ்டர்காரர் ரீடர் படம் அனுப்பினார்: கோட் அழித்ததிலிருந்து 41 மைல், 3 முறை சூடேறியது. கேட்டலிஸ்ட், இவாப் இரண்டும் முடியவில்லை. நிரந்தரக் கோட் பி0455. பேட்டரி மாற்றியதால் என்கிறார். மீனா அக்கா, இதை நம்பலாமா?

ஓபிடி_மீனா

பேட்டரி மாற்றினால் ரெடினஸ் போகும், அது உண்மை. ஆனால் நிரந்தரக் கோட் பேட்டரியால் வருவதில்லை. பி0455 என்றால் இவாப் அமைப்பில் பெரிய கசிவு. விளக்கு எரிந்திருக்கிறது, பிறகு அழிந்திருக்கிறது. இவாப் "முடியவில்லை" என்பதை மட்டும் ஸ்மாக் மன்னிக்கும், கேட்டலிஸ்டை மன்னிக்காது. இந்த நிலையில் இந்த வண்டி தேறாது.

பி0455 பல நேரம் எரிபொருள் மூடி, பர்ஜ் வால்வு, அறுந்த குழாய் இவற்றில் முடியும். ஆனால் இது கையால் மாற்றிய கேம்பர். அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்கும் அலமாரிக்கும் தரையில் போல்ட் இறக்கும்போது கீழே போகும் ஆவிக் குழாயைத் துளைத்துவிடுவார்கள். பெட்ரோல் ஹீட்டருக்காக எரிபொருள் தொட்டியில் துளையிட்டுக் குழாய் சொருகியிருந்தால் அந்தச் சீல் கசியும். 0.020 அங்குலத் துளை, அதாவது அரை மில்லிமீட்டர், அதையே கணினி கண்டுபிடிக்கும். அதற்குக் கோட் பி0456. பெரிய தொட்டி மாற்றியிருந்தாலும், கூடுதல் தொட்டி வைத்திருந்தாலும், ஜெனரேட்டருக்குப் பிரதான தொட்டியிலிருந்து குழாய் எடுத்திருந்தாலும் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டி மாற்றத்துக்கு இஓ எண் வேண்டும்.

புகை சோதனை செய்யும் மெக்கானிக்கிடம் விட்டால், இவாப் குழாய்க்குள் புகை செலுத்தி எங்கிருந்து வெளியே வருகிறது என்று காட்டிவிடுவார். விற்பவர் செலவில் அது முடியட்டும். இந்த 3.6 இன்ஜினில் குளிர்ந்த ஸ்டார்ட்டில் டிக் டிக் சத்தம் வருகிறதா என்றும் கேளுங்கள். ராக்கர் ஆர்ம் தேய்ந்து மிஸ்ஃபயர் ஆனால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையும் கெடுக்கும். கேட்டலிஸ்ட் சோதனை முடியாமல் நிற்கும்போது அந்தப் பக்கம் கேள்விக்குறியாகவே இருக்கிறது.

புகைச்சான்று

பி.ஏ.ஆர். (ஸ்மாக் திட்டத்தை நடத்தும் கலிபோர்னியா வாகனப் பழுது பணியகம்) இணையதளத்தில் நம்பர் பிளேட்டோ வின் எண்ணோ கொடுத்தால் அந்த வண்டியின் ஸ்மாக் வரலாறு இலவசமாக வரும். தேறியது, தோற்றது, எந்தத் தேதி, எல்லாம். புரோமாஸ்டருக்கு இன்றே பாருங்கள். சில வாரம் முன் ஒரு தோல்வி இருந்தால் கதை தெளிவாகிவிடும். வெளிமாநில வண்டிக்கு அங்கே ஒன்றும் இருக்காது.

ஸ்மாக் நிலையத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள். சோதனை மட்டும் செய்து பழுது பார்க்காத நிலையமாக இருந்தால் நல்லது. இன்னொன்று, அரசு தரும் ஸ்மாக் பழுது உதவித் திட்டத்தை நம்பி வாங்காதீர்கள். கை மாறும் நிலையில் உள்ள வண்டிக்கு அது கிடையாது.

குமரன்_ஃப்ரீமாண்ட்

வரலாறு பார்த்தேன். போன மாதம் ஃபெயில் என்று இருக்கிறது. அவர் சரிசெய்து சான்று எடுத்தால் பேசலாம் என்று சொல்லிவிட்டேன். அது சரக்கு வேனாக வணிக பிளேட்டோடு இருக்கிறது. கேம்பர் என்று மாற்றினால் ஸ்மாக் விதி மாறுமா? ரெனோ வண்டிக்குக் காகித வேலை எந்த வரிசையில்?

புகைச்சான்று

ஸ்மாக் விதி மாறாது. அது இன்ஜின், ஆண்டு, மொத்த எடை வரம்பு இவற்றைப் பார்க்கும், உள்ளே கட்டில் இருப்பதைப் பார்க்காது. ஆனால் டிஎம்வி (வாகனப் பதிவுத் துறை) ஆவணத்தில் "ஹவுஸ்கார்" என்று மாற்றினால் வணிக எடைக் கட்டணம் நீங்கும். படுக்கை, சமையல் வசதி போன்றவை நிரந்தரமாகப் பொருத்தியிருக்க வேண்டும், கழற்றி வைக்கும் மெத்தையும் கேஸ் அடுப்பும் போதாது. பழைய கட்டண பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது வண்டியோடு உங்களிடம் வரும்.

ரெனோ வண்டிக்கு: விலை பேசியதும் ஒப்பந்தத்தில் "கலிபோர்னியா ஸ்மாக்கில் தேறினால் மட்டும்" என்று எழுதச் சொல்லுங்கள். ட்ரக்கி அருகே எல்லையைத் தாண்டியதும் கலிபோர்னியாதான், டீலர் ஆளோடு ஓட்டிவந்து டீசல் பார்க்கும் நிலையத்தில் சோதித்துவிடலாம். முன்கூட்டியே கூப்பிட்டு டீசல் எடுப்பார்களா, உயரமான கூரை உள்ளே நுழையுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு வின் சரிபார்ப்பு, ரெஜ் 31 படிவம். டிஎம்வியிலோ, நெடுஞ்சாலைக் காவல்துறையிலோ, உரிமம் பெற்ற சரிபார்ப்பவரிடமோ செய்யலாம். அதோடு ரெஜ் 343 விண்ணப்பம், நெவாடா டைட்டில் அசல், ஸ்மாக் சான்று, விற்பனைச் சீட்டு. பயன்பாட்டு வரி உங்கள் முகவரியின் விகிதப்படி டிஎம்வியிலேயே கட்ட வேண்டும்.

டீலர் ஸ்மாக் நிபந்தனையை எழுத மறுத்தால் அந்த வண்டியையும் விடுங்கள்.

சேலம்_டீசல்

சோதனைக்குப் போறதுக்கு முன்னாடி யூரியா தொட்டியை நிரப்பிட்டு, நெடுஞ்சாலையில அரை மணி நேரம் ஓட்டிட்டுப் போங்க குமரன். ட்ரக்கி பக்கம் ஏத்தம்தான், டிபிஎஃப் நல்லா சூடாகும். நிலையத்துல இன்ஜினை ஆஃப் பண்ணாம, சூடோட சோதிக்கச் சொல்லுங்க. புகையைக் கண்ணால பார்ப்பாங்க, குளிர்ந்த டீசல் முதல்ல கொஞ்சம் புகையும்.